பிரெபெனின் நீலக் கழுத்து

ஸ்கிவே ஊர் மன்றத்தின் வாசலில் அன்று அறுபது பேர் பனியில் நின்றோம். ஆளுக்கொரு எண்சீட்டு. எங்கள் ஜனம் அப்படி: சீட்டைக் கொடுத்துவிட்டால் நரகத்தின் வாசலிலும் முண்டியடிக்காமல் நிற்போம். கழுத்திலுள்ள புற்றுக்கட்டிக்குக் காற்றுப்பட வேண்டுமாம், மஃப்ளரையும் கழற்றச் சொல்லியிருந்தார்கள். கழற்றினோம்.

உள்ளே பிரெபென். புற்றுக்கட்டியின் மூச்சைப் படம்பிடிக்கும் மகான்.

மருத்துவமனையிலும் கட்டிக்குள் ஆக்சிஜன் எங்கே குறைவு என்று படம் எடுக்கிறார்கள். ஊசியில் மருந்து ஏற்றி, பெரிய இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, பிறகு நாலு பேர் கூடி யோசிக்கிறார்கள். ஆக்சிஜன் குறைந்த கட்டி கதிர்வீச்சுக்கு லேசில் மசியாதாம். பிரெபெனுக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. கைக்கடக்கமாக ஒரு கேமரா. திரையில் கழுத்து நீலமாகத் தெரிந்தால் கட்டி மூச்சுத் திணறுகிறது. உடனே 'ஆக்சிஜன் தண்ணீர்' ஒரு குவளை. போத்தல் ஐந்நூறு குரோனர். பிறகு கணப்பருகே அரைமணி நேரம் காபி, இலவங்கப்பட்டை ரொட்டி, அரட்டை. மறுபடம் எடுத்தால் செக்கச்செவேல். கைதட்டல். அறிவியல் இவ்வளவு ருசியாக இருக்குமென்று பள்ளிக்கூடத்தில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

எங்களோடு வரிசையில் நின்ற ஏய்னருக்குத் தொண்டையில் புற்று. வியாழக்கிழமை கதிர்வீச்சு தொடங்க வேண்டும். போன வாரம் தன் கழுத்து சிவந்ததைப் பார்த்தவர், இனி வரமாட்டேன் என்று மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அவர் மனைவி மெரெத்தே அன்று கூடவே வந்தாள். சண்டை போடவில்லை. அந்தத் திரையையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு பிரெபெனிடம் திரும்பினாள்.

"உனக்குக் கட்டி இருக்கா?"

"எனக்கா? தினம் மூணு குவளை குடிக்கிறவன்மா நான்."

"அப்ப உன் கழுத்து எப்பவும் செவப்பாத்தான் இருக்கும். நீயும் ஒரு சீட்டு எடுத்துக்கிட்டு வெளிய நில்லு. நாங்க நிக்கல?"

தனக்கு ஜலதோஷம் என்று பிரெபென் நழுவப் பார்த்தான். வரிசை என்றதும் மன்றமே நிமிர்ந்துவிட்டது. இந்த ஊரில் கடவுளை ஏமாற்றலாம், வரிசையை ஏமாற்ற முடியாது. மன்றத் தலைவரே சீட்டைக் கிழித்து நீட்டினார்.

அரைமணி கழித்து உள்ளே வந்தவனை அவன் கேமராவாலேயே மெரெத்தே படம் பிடித்தாள். கழுத்து கருநீலம்.

"அடப்பாவமே, ஆளுக்கு மூச்சே இல்லையே" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

கணப்பருகே உட்காரவைத்தாள். தண்ணீர் ஒரு சொட்டும் தரவில்லை. கழுத்து தானாகச் சிவந்தது.

"எங்க வீட்டு ஜன்னல்ல குளிர் எந்தப் பக்கமா நுழையுதுன்னு பார்க்க வந்தவங்க கையிலயும் இதே கேமராதான். சூடு, குளிரு. அதுக்கு வேற ஒண்ணும் தெரியாது" என்றாள்.

ஏய்னர் சட்டைப்பையிலிருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப என் கட்டி?"

"அப்படியேதான் இருக்கு. வியாழக்கிழமை எட்டு மணிக்கு, அதைப் பார்க்கத் தெரிஞ்சவங்க உனக்காகக் காத்திருப்பாங்க."

அவர் கடிதத்தை எடுத்துக் கணப்பில் போட்டார். அதற்குள் பிரெபென் பின்வாசல் வழியாக மறைந்திருந்தான்.

குளிரில் நின்றால் உடம்பு குளிரும், நெருப்பருகே உட்கார்ந்தால் சூடாகும். இது என் பூனைக்கும் தெரியும். அதனால்தான் அது அன்று வீட்டிலேயே இருந்துவிட்டது. யோசிப்பது அவ்வளவு சிரமமென்றால், ஐயா, பூனையையாவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.