ஏலத்தில் போன பாட்டு

அருமனை,
அறுப்பின் பண்டிகை கழிந்து பதினோராம் நாள்

அன்பும் மதிப்பும் மிக்க அக்காள் நேசபாய் டீச்சர் அவர்களுக்கு, தம்பி ஜேசுதாஸ் எழுதிக்கொள்வது. இங்கே ரப்பர் விலையைத் தவிர மற்றெல்லாம் கர்த்தருடைய கிருபையால் சுகம். போனில் சொன்னால் அத்தான் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார் என்பதால் நாகர்கோவிலில் உன் பள்ளிக்கூட விலாசத்துக்கே இதை அனுப்புகிறேன். வகுப்பில் வைத்துப் படிக்காதே.

காரியம் இதுதான். என் மகள் ஜெப்சி வரும் பதினெட்டாம் தேதி சென்னையில் பியானோ வாசிக்க வேண்டும். பதினாறு வயதுக்குள் லண்டன் பரீட்சை எட்டு கிரேடும் முடித்தவள் என்று தேடி அழைத்திருக்கிறார்கள். கேட்க வருகிற வெளிநாட்டுப் பேராசிரியருக்குப் பிடித்துவிட்டால் அவருடைய இசைக் கல்லூரியிலேயே இடமாம். ஒரே நிபந்தனை, பிள்ளை சொந்தமாக எழுதியதை வாசிக்க வேண்டும். அதைத்தான் உன் புருஷன் ஏலத்தில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

பண்டிகைக்கு நீ காய்ச்சலால் வரவில்லை, அத்தான் மட்டும் வந்தார். அவர் உன்னிடம் எப்படிச் சொன்னாரோ, நான் நடந்தபடி சொல்கிறேன். அவரவர் வீட்டில் முதலில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவாருங்கள் என்று போதகர் சொன்னாரா, எல்லாரும் மட்டி வாழைக்குலை, சேனை, தேங்காய் என்று அடுக்க, ஜெப்சி தான் முதன்முதலில் எழுதிய பாட்டை, வார்த்தையே இல்லாத பாட்டு, நாலு தாள், ரிப்பன் கட்டிச் சேனைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். காணிக்கைகளை ஆலயத்துக்காக ஏலம் விடுகிற ஆபேல் விரித்துப் பார்த்து, "இது என்னவாக்கும், எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு" என்றான். ஒருவரும் விலை கேட்கவில்லை. பிள்ளை முகம் வாடக்கூடாதே என்று அத்தான் ஐந்நூறு என்றார். நல்ல மனசுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு வியாபாரக் கை அரித்தது. ஆயிரம் என்றேன். அவர் இரண்டு. நான் ஐந்து. சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது, மனுஷன் மீசையை நீவிக்கொண்டு ஏறுகிறார், நானும் ஏற்றிக்கொண்டே போய், அவர் இருபத்தெட்டாயிரம் என்றதும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ரப்பர் ஷீட் ஏலத்தில் நான் வழக்கமாகச் செய்கிற வேலைதான், உன்னிடம் மறைத்து என்ன.

சபை சிரித்தது. அத்தான் சிரிக்கவில்லை. மறுநாள் காலையிலேயே ஜெப்சிக்குப் போன். "மக்கா, அது இப்ப எனக்க சாதனம். எனக்க சம்மதம் இல்லாம நீ வாசிக்கப்பிடாது, கேட்டியா?"

அவளும் "சரி மாமா" என்று பியானோவை மூடிவிட்டாள். "ஏட்டி, அது உனக்க தலைக்குள்ளதான கெடக்கு, வாசிச்சா என்ன?" என்றேன். "வித்த ஷீட்ட, வாங்குனவருக்க கடையில போயி எடுத்துட்டு வருவியளா அப்பா?" என்கிறாள். அத்தானிடமே போய், கொடுத்ததற்கு மேலேயே தருகிறேன் என்றேன். "அதே சபையில, அதே ஆபேலுக்க முன்ன வச்சு எங்கிட்ட மன்னிப்பு கேளு. பொறவு பாப்போம்" என்றுவிட்டார்.

அக்கா, நான் வருமான வரிக்காரனிடம்கூட மன்னிப்புக் கேட்டதில்லை. ஆனாலும் பிள்ளை காரியம். வருகிற ஞாயிறு கேட்டுவிடுகிறேன். நீ அத்தானை இங்கே அனுப்பிவை. அதற்கு முன் நயமாகப் பேசி, "வாசித்துக்கொள்" என்று ஒரு வரி எழுதி வாங்கிவிடு. நெய்மீன் குழம்பு வைத்த நாளாகப் பார்த்துக் கேள்.

உன்னையும் உன் வீட்டாரையும், அத்தானையும் சேர்த்துத்தான், கர்த்தர் கண்மணிபோல் காக்கட்டும்.

உன் தம்பி,
ஜேசுதாஸ்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது ஜெப்சி வாங்கிப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். "நல்ல பாட்டா இருந்தா ஏலத்துக்கு விடுவேனாப்பா? முட்ட இடுத கோழிய யாராவது கோயிலுக்குக் கொண்டு வருவாவளா?" பன்னிரண்டு வயதில் எழுதியதாம். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நான் அதையே வாசிக்கச் சொல்லி அலுத்துவிட்டதாம். சென்னைக்கென்று வேறு எழுதி, ஆலயத்துப் பியானோவில் பழகியும் விட்டாள். இப்போதுதான் வாசித்துக் காட்டினாள். இடது கை கொஞ்சம் ஏறுகிறது, வலது கை அதற்கும் மேலே ஏறுகிறது. ஏறி ஏறி, ஓரிடத்தில் இடது கை சட்டென்று மடியில் போய் உட்கார்ந்துகொள்ள, வலது கை மட்டும் உச்சியில் தனியாக நின்று திருதிருவென்று முழிக்கிறது. எந்தக் கை யார் என்று எனக்கு ஒருவரும் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மன்னிப்பும் கிடையாது, அந்த ஒரு வரியும் வேண்டாம். அத்தானிடம் இதைப் பற்றி மூச்சு விடாமல் அவரைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு வா. முன்வரிசையில் இடம் பிடித்து வைக்கிறேன்.