ஸ்கூலுக்குப் போன சீர்தட்டு

ஆமாலா பார்வதி, பாசார்ல அந்த மீன்காரன் சொன்னது உண்மைதான். தட்டு தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்குப் போன கிழவி நான்தான். இந்த ஃபிளாட்டுக்கு நீ புதுசு, அதனால உனக்குத் தெரியல. மத்தபடி ஜார்ஜ்டவுன்ல பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பாதிக்கு என் நாத்தனார் சரோஜா சொல்லிக்கிட்டு இருக்கா.

உக்காரு. நான் கீரைய ஆஞ்சிக்கிட்டே சொல்றேன்.

நம்ம பேத்தி யாழினி அப்ப ரெண்டாம் ஆண்டு, எட்டு வயசு. நீதான் பாக்கிறியே, ஒரு எடத்துல நிக்க மாட்டா. சோறு திங்கும்போதுகூட ஒரு காலு நாற்காலியில, இன்னொரு காலு பஸ் புடிக்கப் போறாப்பல வெளிய. டாக்டரு பாத்துட்டு இங்கிலீஷ்ல நாலு எழுத்து சொன்னாரு, ஏ.டி.எச்.டி.ன்னு. மூளையே அப்படித்தான் ஓடுமாம், பிள்ளை வேணும்னு செய்யலயாம். என் மக சுமதி அழுதா. "நாலு எழுத்துக்கு ஏன்டி அழுவுற? எனக்கு ஒரு எழுத்துகூட தெரியாது, நான் அழுவுறனா?"ன்னு கேட்டேன். (அதுக்கு ஒரு வாரம் என்கிட்ட பேசல.)

சொந்தக்காரங்க எல்லாரும் டாக்டராயிட்டாங்கலா! மைலோ குடுக்காதன்னு ஒருத்தி. டிவிய வித்துடுன்னு ஒருத்தி. சரோஜா புருசன், "ரெண்டு போடு போட்டா சரியாயிடும்"னாரு. அவரு மகன அவரு போட்ட போடுல, அவன் இன்னிக்கு வரைக்கும் தீபாவளிக்குக்கூட வீட்டுப் பக்கம் வர்றதில்ல. அது வேற கதை.

ஸ்கூல்ல தேவி டீச்சருன்னு ஒரு சின்னப் பொண்ணு, வேலைக்கு வந்து ரொம்ப நாளாகல. அது யாழினி மேசைய கடைசியில கொண்டுபோய், சுவத்தப் பாத்தாப்பல திருப்பிப் போட்டுருச்சு. மத்த பிள்ளைங்கள தொந்தரவு பண்றாளாம். பெரிய டீச்சரு போன் போட்டு, "இப்படியே போனா வேற ஸ்கூல் பாத்துக்குங்க"ன்னுட்டாங்க. பிள்ளை என்கிட்ட வந்து கேக்குது பார்வதி, "பாட்டி, சுவத்துல என்னா படிக்கணும்?"

சுமதி பேசப் போறேன்னு நாள் வாங்கினா. கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பேசிப் பாத்தா. பிள்ளைய முன்னால உக்கார வைங்க, நடுவுல எந்திரிச்சு நடக்க விடுங்க, அவ்வளவுதான் கேக்கணும். "அம்மா, நான் கிலாங்ல மெஷின நிறுத்திட்டு நேரா வந்துடுறேன். நீங்க ஸ்கூல் கேட்டுகிட்ட நில்லுங்க. வாயத் தொறக்காதீங்க"ன்னா.

வாயத்தான தொறக்கக் கூடாதுன்னா? தட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லலயே!

நம்மள்ல ஒரு பெரிய காரியம் கேக்கப் போறவங்க வெறுங்கையோட, ஒத்தையா போவாங்களா? சரோஜாவக் கேட்டேன். "அண்ணி, அஞ்சு பேரா போனாத்தான் மதிப்பு"ன்னா. அவ புருசன் கோயில் கமிட்டி, வேட்டி ஜிப்பால வந்துட்டாரு. ஆளு கணக்குக்கு அவ சம்பந்தி வீட்டுலருந்து ரெண்டு பேரு. நான் பட்டுப்புடவை. பெரிய தட்டுல வெத்தல பாக்கு, தேங்கா, வாழப்பழம், நடுவுல கோபுரம் மாதிரி ஜிலேபி. காவலுக்கு நிக்கிற ஜாகா கேட்டத் தொறந்துவிட்டு சல்யூட்டே அடிச்சான்லா!

சுமதிய இன்னும் காணோம். வெயிலு மண்டையப் பொளக்குது. நாங்க பாட்டுக்கு உள்ள போயிட்டோம். ஆபீஸ்ல இருந்த பொண்ணு, "யாரைப் பாக்கணும்?"னு கேட்டுச்சு. சரோஜா கழுத்து செயின எடுத்து வெளிய போட்டுக்கிட்டு, "தேவி டீச்சரப் பாக்க வந்திருக்கோம்"னா.

அந்தப் பொண்ணு தட்டைப் பாத்துச்சு, வேட்டியப் பாத்துச்சு. எடுத்துச்சு பாரு ஓட்டம்!

அப்புறம் நடந்த மரியாதைய நான் என்னன்னு சொல்லுவேன்! பெரிய டீச்சரே வந்து, "வாங்க, வாங்க"ன்னு ஏசி ரூம்ல உக்கார வச்சாங்க. கேன்டீன்லருந்து கறிபாப் வந்துச்சு. சன்னல் வழியா டீச்சருங்க தலை தலையா எட்டிப் பாக்குதுங்க. நான் மனசுக்குள்ள, "பாத்தியா, தப்பு பண்ணவங்க எப்படி பயந்து கெடக்குறாங்க"ன்னு நெனச்சிக்கிட்டேன். அவ்வளவு புத்தி எனக்கு.

தேவி டீச்சரு வந்துச்சு. தலைய குனிஞ்சிக்கிட்டு, கையில தே தண்ணி கப்பு வச்ச தட்டு. ஒதட்டுல சாயம். தலையில மல்லிப்பூ. (ஸ்கூல் சாமி படத்துல கெடந்த சரமாம். பின்னால தெரிஞ்சுது.) நடக்க நடக்க கப்பெல்லாம் கடகடங்குது. ஒரு நாற்காலியப் போட்டு எங்க அஞ்சு பேருக்கும் எதிர்ல உக்கார வச்சாங்க.

பெரிய டீச்சரு ஆரம்பிச்சாங்க. "எங்க தேவி மாதிரி பொறுமை யாருக்கும் வராது. கொரல ஒசத்தாது. பிள்ளைங்கன்னா உசுரு."

எனக்கு சுருக்குன்னுச்சு. "அப்புறம் என்னாத்துக்கு எங்க பிள்ளைய சுவத்தப் பாத்து உக்கார வச்சீங்க?"

பெரிய டீச்சரு மெதுவா, "எந்தப் பிள்ளை?"ன்னாங்க.

"எங்க யாழினி!"

"அப்ப நீங்க... பொண்ணு பாக்க வரலயா?"

நான் எங்க தட்டைப் பாத்தேன், அந்தப் பொண்ணு தலையில இருந்த பூவப் பாத்தேன். இந்த சரோஜா என்ன சொன்னா தெரியுமா? "வரலைங்க. ஆனா வந்ததுக்கு பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. எங்க கொழுந்தன் மகன் ஒருத்தன் பட்டர்வொர்த்துல..." அவ வாயில ஒரு கறிபாப்ப திணிச்சிருக்கணும்.

தேவி டீச்சரு பூவ பிச்சு எறிஞ்சிட்டு அழ ஆரம்பிச்சிருச்சு. அந்த நேரம் பாத்து சுமதி கிலாங் சட்டையோட மூச்சு வாங்க வந்து நிக்குறா. பட்டுப்புடவை, ஜிலேபி, அழுவுற டீச்சரு. "அம்மா... என்னம்மா செஞ்சீங்க?"ன்னா பாரு, அந்த கொரலு இன்னும் என் காதுல இருக்கு. கண்ணாடி முன்னால பேசிப் பாத்தாளே, ஒரு வார்த்தை வரல அவளுக்கு. போச்சு, என்னால பிள்ளைக்கு ஸ்கூல் போச்சுன்னு நெனச்சேன்.

டீச்சரு தேம்பித் தேம்பி சொல்லுது, "வகுப்பு நெறைய பிள்ளைங்க பாட்டி. யாழினிய என்னா பண்றதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தரல."

பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா வாயி சும்மா இருக்குதா? "அஞ்சு பேரு செத்த நேரம் உத்துப் பாத்ததுக்கே உன்னால உக்கார முடியலயேம்மா. அவ நாள் பூரா அந்த சுவத்தோட எப்படி உக்காருவா?"ன்னேன்.

யாழினியக் கூப்பிட்டாங்க. புயலா வந்தா. வந்த வேகத்துல தேங்கா உருண்டு பெரிய டீச்சரு கால்ல விழுந்துச்சு. அதை எடுக்கக்கூட நிக்கல, ஜிலேபி தட்டைத் தூக்கிக்கிட்டா. நான் திங்கப் போறான்னு பாத்தேன். பிள்ளை ஒவ்வொருத்தரா குடுத்துக்கிட்டே போகுது! பெரிய டீச்சரு, ஆபீஸ் பொண்ணு, சன்னல்ல எட்டிப் பாத்த டீச்சருங்க, கேட்டுல ஜாகா, ஒருத்தர விடல. கீழ ஒண்ணு சிந்தல. கடைசியா தேவி டீச்சருகிட்ட வந்து, "டீச்சர், அழாதீங்க, ரெண்டு எடுத்துக்குங்க"ங்குது.

டீச்சரு மூக்க ஒறிஞ்சிக்கிட்டே, "இவ்வளவு நேரம் ஒரே வேலைய இவ செஞ்சு நான் பாத்ததே இல்ல"ன்னுச்சு. அப்பத்தான் சுமதிக்கு வாயி தொறந்துச்சு. "அதைத்தான் டீச்சர் நான் கேக்க வந்தேன்"னா.

மறுநாளே மேசை முன்னால வந்துருச்சு. புஸ்தகம் குடுக்குறது, போர்டு அழிக்குறது, எல்லாம் யாழினி வேலை. எல்லாம் மாறிடுச்சுன்னு நெனைக்காத, வாரத்துல ஒரு போன் இன்னும் வரும். ஆனா வேற ஸ்கூல்னு யாரும் பேசல.

சுமதிதான் இன்னும் என்னை மன்னிக்கல. அந்த ஆபீஸ் பொண்ணு ஒவ்வொரு தடவை கூட்டத்துக்குக் கூப்பிடும்போதும், "தட்டு வேணாம்னு பாட்டிகிட்ட சொல்லிடுங்க"ங்குமாம். எங்க வீட்டுல யாரு எதுக்கு வெளிய கெளம்பினாலும், பேங்குக்கானாலும் பல்லு புடுங்கவானாலும், என் மருமகன், "எத்தனை பேருலா போறீங்க?"ன்னுதான் கேப்பாரு. சிரிக்காதலா பார்வதி, கீரையெல்லாம் கொட்டுது...

ஐயோ, மழை! யாழினி ஸ்கூல் சப்பாத்து வெளிய காயுது. இந்தா, கீரையப் புடி. அடியே, இங்க ஒரு காலு சப்பாத்துதான இருக்கு? இன்னொண்ணு எங்கடி? யாழினீ!