பென்குயினுக்குப் பங்கு பிரித்தேன்

ஒரு விடுகதை போடுகிறேன். வாங்கக் காசு வேண்டாம். ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தாலும் குறையாது. பிரித்துப் பார்க்கலாம், மாற்றிக் கட்டலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். வீட்டுக்குள் கொண்டுவந்தால் மட்டும் வீட்டுக்காரி கேட்பாள். அது என்ன?

கல்வி என்று சொன்னவர்கள் உட்காருங்கள். என் அம்மா சொல்லும் புத்திமதி என்று சொன்னவர்கள் கிட்டத்தில் வந்துவிட்டீர்கள். ஆனாலும் தப்பு. விடை, லினக்ஸ்.

தெரியாதவர்களுக்குப் பொறுமையாகச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் ஓட அடிப்படையாக ஒரு மென்பொருள் வேண்டும். பல வீடுகளில் அது விண்டோஸ். உலகெங்கும் உள்ள பலர் சேர்ந்து எழுதி, எல்லோருக்கும் பொதுவில் வைத்த இன்னொன்றுதான் லினக்ஸ். அதன் சின்னம் பென்குயின். லினக்ஸை மாவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாவில் ஒருவர் இட்லி ஊற்றுவார், ஒருவர் தோசை வார்ப்பார், ஒருவர் பணியாரம் சுடுவார். அப்படி வந்தவைதான் உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா எல்லாம்.

எனக்கு நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீசில் வேலை. வீடு புதுச்சத்திரம். ஞாயிறுதோறும் இவற்றில் ஒன்றை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். அடுத்த ஞாயிறு அதை அழித்துவிட்டு வேறொன்றை ஏற்றுவேன். எதையும் பயன்படுத்தியது கிடையாது. ஏற்றுவதற்கே நேரம் சரியாகிவிடும்.

மாவு விளக்கத்தை என் மனைவி தனப்பிரியாவிடமும் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வாராவாரம் ஊத்தி ஊத்திக் கொட்டறீங்களே, என்னைக்குங்க சாப்பிடறது?"

தனப்பிரியா வீட்டிலேயே ரவிக்கைகளுக்கு எம்ப்ராய்டரி போட்டுத் தருகிறாள். டிசைனை இதே கம்ப்யூட்டரில், விண்டோஸில் வரைவாள். அதைப் பென் டிரைவிலேயே சேமித்து, எடுத்துக்கொண்டுபோய் எம்ப்ராய்டரி மெஷினில் செருகுவாள். மெஷின் தைத்துவிடும். நான் லினக்ஸ் ஏற்றுவதற்கும் ஒரு பென் டிரைவ் வேண்டும். அதில் முன்பு இருந்தது அழிந்துவிடும். இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படித்தால் அன்று நடந்தது விளங்கும்.

"ஏனுங்க, இந்தப் பென் டிரைவுல மயில் வெச்சிருந்தனே, எங்கீங்க?"

"அதுல இப்ப ஃபெடோரா இருக்குது."

"நாளன்னிக்குக் கல்யாணம். பொண்ணோட ரவிக்கைக்குங்க அந்த மயிலு!"

"மறுபடி வரைஞ்சுக்கலாம். ஃபெடோரா எவ்வளவு அருமையானது தெரியுமா?"

"மயிலைத் தொரத்திப்போட்டுப் பென்குயினைக் கொண்டாந்து உட்டிருக்கறீங்க. பொண்ணு முதுகுல பென்குயினோட மணவறையில உக்காரட்டுமுங்களா?"

அவள் விடிய விடிய மயிலை மறுபடி வரைந்தாள். காலையில் காபியோடு ஒரு வாக்கியமும் வந்தது.

"ஒண்ணு அந்தக் கம்ப்யூட்டர்ல நீங்க இருங்க. இல்லாட்டி நான் இருக்கறேன்."

நான் நியாயஸ்தன். கம்ப்யூட்டரை இரண்டாகப் பாகம் பிரித்துவிடுவது என்று அன்றே முடிவெடுத்தேன். அவரவர் பங்கில் அவரவர். அதில் எதை ஏற்றுவது என்பது அவரவர் இஷ்டம். அடுத்தவர் பங்கில் கை வைக்கக் கூடாது. பிரிக்கும் வேலையை நானே பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டேன்.

எங்கள் கம்ப்யூட்டருக்குள் இரண்டு டிஸ்க் உண்டு. ஒன்று பழையது. மிகப் பெரியது, மிக மெதுவானது. இன்னொன்று புதிது. சின்னது, ஆனால் மின்னல். விண்டோஸைப் பெரியதில் போட்டேன். லினக்ஸைச் சின்னதில் போட்டேன். சாட்சிக்குப் பக்கத்து வீட்டு நாச்சிமுத்து அண்ணனைக் கூப்பிட்டேன். ஊரில் பல பங்காளிச் சண்டைகளைத் தீர்த்துவைத்தவர் அவர்.

"பெரிய பங்கு உனக்கு, தனம். எனக்குச் சின்னதே போதும்" என்றேன். இவ்வளவு தாராளம் எனக்குள் இருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

தனப்பிரியா எடப்பாடிப் பக்கம் காடு தோட்டம் உள்ள குடும்பத்துப் பெண். கண் கலங்குவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டாள்:

"கெணறு எந்தப் பக்கமுங்க?"

"கம்ப்யூட்டர்ல ஏது கெணறு?"

"பெருசை நீங்களா எனக்குத் தள்ளறீங்கன்னா, சின்னதுல என்னமோ இருக்கோணும். ரெண்டையும் தொறந்து காட்டுங்க, பாக்கலாம்."

காட்டினேன். லினக்ஸ் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. விண்டோஸைத் தட்டிவிட்டேன். நாச்சிமுத்து அண்ணன் வெற்றிலை போட்டார், மென்றார், வெளியே போய்த் துப்பிவிட்டும் வந்தார். அது அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏப்பா, மேட்டுக்காட்டை அம்மணி தலையில கட்டிப்போட்டு, கெணத்தோட தோட்டத்தை நீ அமுக்கிக்கலாம்னு பாத்தியா?" என்றார் அவர்.

"சின்னதுங்கண்ணா. ரொம்பச் சின்னது."

"பரவால்லீங்க" என்றாள் தனப்பிரியா. "பிரிச்சது பிரிச்சதாவே இருக்கட்டும். ஆனா எங்க ஊட்டுல பாகம் பிரிச்சப்ப, பங்கு போட்டவருதான் கடைசியா எடுத்தாரு. ஊட்டுக்கு இளையவங்க மொதல்ல எடுத்தாங்க."

"அதுதான மொறை" என்றார் சாட்சி.

வீட்டுக்கு இளையவள் எங்கள் மகள் கிருத்திகா. இரண்டாம் வகுப்பு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவளுக்கு ஒன்று, தனத்துக்கு ஒன்று, கடைசியாக எனக்கு. பங்கோ இரண்டுதான். மூன்றாவது பங்கு என்று ஒன்றை நான் போடவே இல்லை.

உடனே சமாளித்தேன். "பாப்பா தனியா என்ன பண்ணுவா? அவ ஒரு பங்கை எடுக்கட்டும். கூட்டுக்கு எங்கள்ல ஒருத்தரைச் சேத்துக்கட்டும். மிச்சம் இன்னொருத்தருக்கு."

"உங்க இஷ்டமுங்க" என்று தனப்பிரியா உடனே ஒப்புக்கொண்டாள். அவள் உடனே ஒப்புக்கொள்கிற எதையும் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்குத் தைரியம் இருந்தது. சின்ன டிஸ்கில் பென்குயின் படத்தோடு, குழந்தைகள் வரைவதற்கென்றே ஒரு மென்பொருள் போட்டிருந்தேன். கிருத்திகாவுக்கு அது என்றால் உயிர். மகளை மடியில் உட்காரவைத்துக்கொண்டேன்.

"சாமி, லினக்ஸுன்னா சுதந்திரம். உன் இஷ்டத்துக்கு எடுத்துக்கலாம். உன் இஷ்டத்துக்கு மாத்திக்கலாம். யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம்."

"யாருக்கு வேணும்னாலுமாப்பா?"

"யாருக்கு வேணும்னாலும்! எவனும் உன்னைக் கேள்வி கேக்க முடியாது."

அவள் யோசித்தாள். "அப்பா, நான் வரைஞ்ச கோழி எங்க?"

"அது... மின்ட்டுல இருந்துச்சு சாமி."

"மின்ட்டு எங்க?"

"டெபியன் போடறப்ப போயிருச்சு."

"டெபியன்ல குஞ்சு வரைஞ்சனே?"

"அது ஃபெடோரா போடறப்ப..."

"இப்ப வரைஞ்சா அடுத்த ஞாயித்துக்கெழமை இருக்குமா?"

"அடுத்த வாரம் இன்னும் நல்லதா ஒண்ணு வருது கண்ணு" என்றேன்.

நாச்சிமுத்து அண்ணன் கூரையைப் பார்த்தார். தனப்பிரியா ரவிக்கையில் தொங்கிய நூல்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லு சாமி" என்றார் அண்ணன். "எந்தப் பங்கு? ஆரு கூட்டு?"

கிருத்திகா என் மடியிலிருந்து இறங்கினாள். வேகமான பங்கை எடுத்துக்கொண்டாள். பென்குயின் அதிலேயே இருக்கட்டும் என்றாள். கூட்டுக்கு அம்மாவைச் சேர்த்துக்கொண்டாள்.