முப்பது பாகைத் தொய்வு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்குத் தொய்வு கிடையாது. சிறுவயதிலும் இருந்ததில்லை, இப்போதும் இல்லை. (எங்கள் பக்கத்தில் ஆஸ்துமாவுக்குத் தொய்வு என்றுதான் பெயர். கயிறோ துணியோ தளர்ந்து தொங்குவதற்கும் அதே சொல்தான். ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்துச் சிக்கனம் பிடித்தவர் யாரென்று தெரிந்தால் சொல்லுங்கள், அவரோடு எனக்குக் கொஞ்சம் பேசவேண்டியிருக்கிறது.)

எண்பதுகளின் நடுப்பகுதி. ஊர்காவற்றுறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்தேழு, மீசை அளவானது, தலைக்கனம் அளவு மீறியது. காரைநகரிலிருந்து தினமும் படகில் வந்து அதே பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தவள் சரோ. அவளை எனக்குப் பிடித்திருந்தது. எவ்வளவு என்றால், அவள் படகைவிட்டு இறங்கும் நேரம் பார்த்து, இரண்டு வருடமாக இறங்குதுறையில் நின்று சைக்கிளுக்குக் காற்றடித்தேன். (தீவிலேயே காற்றுக் குறையாத சில்லுகள் என்னுடையவை.) ஒருவழியாகத் தரகர் மூலம் பேச்சு எழுந்தது. சாதகமும் பொருந்தியது. இனிச் சரோவின் அம்மான், அதாவது அவளுடைய தாய்மாமன், வந்து என்னைப் பற்றி இரகசியமாக விசாரிப்பதுதான் மிச்சம். அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். அவர் தலையாட்டினால் கலியாணம், இல்லாவிட்டால் சைக்கிளுக்குக் காற்று.

அந்த நேரம் பார்த்துத்தான் ஜெர்மனியில் இருந்த அத்தானின் பார்சல் வந்தது. அக்காவுக்குச் சேலை, எனக்கு ஒரு தொங்குபடுக்கை. காட்டில் தங்கப் போகிறவர்கள் இரண்டு மரங்களுக்கு நடுவில் கட்டிப் படுப்பது. பச்சை நைலோன் துணி, இரண்டு தலைப்பிலும் கயிறு, கூடவே படம் போட்ட தாள் ஒன்று.

"குழந்தைப்பிள்ளையளுக்குக் கட்டுற ஏணையெல்லே உது?" என்றாள் அக்கா.

"ஏணையில்லை அக்கா. இதுக்கொரு கணக்கு இருக்கு."

கணக்கு இருக்கிறது என்று சொன்னேனே தவிர, தாளைப் பார்க்கவில்லை. வேம்புக்கும் பூவரசுக்கும் நடுவில் இழுத்து முறுக்கிக் கட்டிவிட்டு ஏறிப் படுத்தேன். அது என்னை ஒரு புரட்டுப் புரட்டி நிலத்தில் போட்டது. அடுத்ததாகத் தளர்த்திக் கட்டினேன். என் முதுகு மண்ணில் கிடந்தது. "உதுக்குப் பாயை விரிச்சுப் படுத்திருக்கலாம்" என்றாள் அக்கா.

பிறகுதான் தாளைப் பிரித்தேன். மரத்திலிருந்து கயிறு முப்பது பாகையில் சரிந்து வரவேண்டும். அதோடு படுக்கைக்கு மேலே, தலைப்புக்குத் தலைப்பு, துணியைவிடச் சற்று நீளம் குறைந்த ஒரு மெல்லிய கயிற்றைக் கட்டவேண்டும். இழுவையெல்லாம் அந்த மேல்கயிற்றுக்குப் போய்விடும். மரக்கயிற்றை எப்படிக் கட்டினாலும் கீழே துணியின் தொய்வு மாறாது. எனக்குப் புல்லரித்தது. உடனே போய், கரும்பலகையில் கோணம் அளக்கும் பெரிய மரப் பாகைமானியைப் பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கிவந்தேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை. சோளகக் காற்று வீசியடித்ததால் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது. அக்கா வேம்படியில் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். நான் படுத்திருந்தேன்.

"தொய்வு எப்பிடியடா இருக்கு?"

"காலமையை விடப் பரவாயில்லை! ஆனா படுத்த உடன கூடுது!"

"ராமுழுக்க இப்பிடிக் கிடந்தாத் தாங்குமோ?"

"நேற்றுத் தாங்கேல்லை, விழுந்தனானெல்லே!"

"அத்தான் அனுப்பினதும் சரிவராட்டி என்னடா செய்யிறது?"

"தொய்வு அடியோட இல்லாமலும் போகக்கூடாதக்கா! அது இருந்தாத்தான் எனக்கு நித்திரை வரும்!"

கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம், ஒழுங்கையில், குடையை ஊன்றிக்கொண்டு அம்மான் நின்றது எங்களுக்குத் தெரியாது.

"வீட்டில ஆக்கள் இருக்கினமோ?" என்றபடி படலையைத் திறந்தார். ஆளைக் கண்டதும் நான் மரியாதையாகத் துள்ளி எழும்பினேன். தொங்குபடுக்கையில் துள்ளக்கூடாது என்று தாளின் அடியில் எழுதியிருந்தது, பிறகுதான் கவனித்தேன். படுக்கை புரண்டு என்னைச் சுருட்டிக்கொண்டது, குப்புறத் தொங்கினேன். அக்காவும் அம்மானும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தெடுத்தார்கள். வணக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். வணக்கம் வரவில்லை, "ஹீ... ஹீ..." என்று இழுப்புத்தான் வந்தது.

"எத்தினை வருசமாத் தம்பி உமக்குத் தொய்வு?" என்று மிகுந்த பரிவோடு கேட்டார்.

"ஐயா... தொய்வு எனக்கில்லை... உதுக்கு!" படுக்கையைக் காட்டினேன். "முப்பது பாகை!"

அம்மான் படுக்கையைப் பார்த்தார், பாகைமானியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைத் தனியே கூப்பிட்டு, தன் நெற்றியைத் தொட்டுக்காட்டி, "பிள்ளை, இதிலயும் ஏதும் இருக்கோ?" என்று கேட்டார்.

மூன்றாம் நாள் தரகர் வந்து, "தொய்வுக்காரனுக்குப் பொம்பிளை குடுக்க ஏலாதாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்குதுறையில் சரோ முதன்முறையாக என் அருகே நின்றாள். "காத்தடிக்கிறதைக் கொஞ்சம் குறையுங்கோ. மூச்சு வாங்கும்" என்றாள். கண் கலங்கியிருந்தது. இரண்டு வருடமாகக் காத்திருந்த முதல் வசனம்! இப்படியா வரவேண்டும்? அவளும் நம்பிவிட்டாள் என்பதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை.

வந்த சனிக்கிழமை படுக்கையையும் பாகைமானியையும் சுமந்துகொண்டு காரைநகருக்குப் படகேறினேன். சரோ வீட்டு முற்றத்தில் அம்மான் முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, எனக்குப் பத்து நிமிசம் தாங்கோ. தொய்வைக் கட்டிக்காட்டுறன்."

அவர் பயந்துபோய் ஓமென்றார். இரண்டு வேம்புக்கு நடுவில் கட்டினேன். முப்பது பாகை அளந்தேன். மேல்கயிறு நேராக நின்றது, துணி அழகாகத் தொய்ந்தது. "ஏறிப் படுங்கோ" என்றேன். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, குண்டிருக்குமோ என்று யாரோ விட்டுப்போன பார்சலைத் தொடுவதுபோல மெல்ல ஏறிச் சாய்ந்தார். "தம்பி, இருந்தாலும் நீர்..." என்று தொடங்கியவர் வசனத்தை முடிக்கவில்லை. குறட்டைதான் வந்தது. ஒன்றரை மணி நேரம் எல்லோரும் சுற்றி நின்றோம். தேத்தண்ணியோடு வந்த சரோ, பாகைமானியையும் படுக்கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உதுவோ தொய்வு?"

"உதுதான்."

அவள் சிரித்த சிரிப்பில் அம்மான் விழித்துக்கொண்டார். எழும்பாமலே, "கலியாணத்துக்குப் பிறகும் இது இஞ்சைதானே நிக்கும்?" என்று கேட்டார். நிற்கும் என்றேன். சீதனம் கொடுத்துப் பெண் எடுத்த மாப்பிள்ளை தீவுப்பகுதியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அன்று முழுவதும் குசினியில் அடுப்போடு நின்ற சரோவின் அம்மா மட்டும் எதையும் நம்பவில்லை. "வருத்தம் இல்லாதவன் ஏன் படகேறி வந்து இல்லையெண்டு சொல்லுறான்?" என்று கேட்டாராம். கலியாணமாகி நாலாம் நாள் காலையில் தொய்வுக்கென்று ஆடாதோடைக் கஷாயம் வந்தது. குடித்தேன். அதன்பின் வந்த ஒவ்வொன்றையும் குடித்தேன். விளக்கம் சொல்வதைவிடக் கசப்பு எளிது.

மாமிக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுத்தால் முதல் கேள்வி இன்றும் அதுதான்: "மருமகனுக்குத் தொய்வு எப்பிடி?"

சரோ கதிரையில் இருக்கும் என்னை மேலும் கீழும் பார்ப்பாள்.

"நெஞ்சை விட்டிட்டுதம்மா. இப்ப வயித்துக்கு இறங்கியிட்டுது."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மாமி மட்டும் சிரிப்பதில்லை. வயிற்றுக்கு எந்தக் கஷாயம் என்று சொல்லத் தொடங்கிவிடுகிறார்.