நாற்பது பேருக்கு ஒரே அப்பா

போட்டோக்கொப்பித் தாள் சூடாக வெளியே வரும் மணம் பட்டாலே எனக்கு இன்றும் காது மடல் எரியும். அந்த மணத்தோடுதான் நான் நாற்பது பிள்ளைகளுக்கு அப்பா விநியோகித்தேன்.

வாவிக்கரையோரப் பல்கலைக்கழகம் ஒன்றில் தற்காலிக ஆங்கிலப் போதனாசிரியனாக இருந்தேன். (தற்காலிகம் என்றால், நாற்காலியில் முழுதாகச் சாயாமல் இருப்பது.) வாய்மொழிப் பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்பே ‘என் குடும்பம்’ என்று ஒரு மாதிரி எழுதி, வகுப்பு முழுக்கப் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்தேன். யோசிக்கச் சோம்பல், என் வீட்டையே எழுதிவிட்டேன்: அப்பா புளியந்தீவில் தபாலதிபர், இரவில் எங்களுக்குக் கதை வாசிப்பார், நாங்கள் மகிழ்ச்சியான குடும்பம். விபரத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் மறந்துபோனேன்.

பரீட்சையன்று கொழும்பிலிருந்து ஒரு பேராசிரியை வந்து என் பக்கத்தில் அமர்ந்தார். என் வேலை நிரந்தரமாவது அவர் எழுதும் அறிக்கையில் இருந்தது.

முதல் பிள்ளையின் அப்பா தபாலதிபர். இரண்டாவதும் தபாலதிபர். ஏறாவூரில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகனும் கூசாமல் தபாலதிபர் என்றான். வாசல்வரை கூட்டிப்போய்க் கடிந்தேன்.

“நீங்க தந்த அப்பாவத்தானே சேர் சொன்னன். மாத்தினா மார்க்ஸ் குறையுமெண்டு பயம்.”

ஒன்பதாவது தபாலதிபரோடு பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். “இந்த மாவட்டத்தில் தபாற்கந்தோர்கள் அதிகமோ?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சட்டை முதுகோடு ஒட்டியது. பத்தாவதாக, வெல்லாவெளியிலிருந்து வரும் யோகேஸ்வரி. அவள் வாய் திறக்குமுன்னே பாய்ந்தேன், ஆங்கிலத்தில்: “அந்தத் தாள் வேண்டாம். உன் சொந்த அப்பா. அவர் என்ன செய்கிறார்?”

அவள் தாளை மடித்தாள். இன்னொருமுறை மடித்தாள். பிறகு ஆங்கிலத்திலேயே சொன்னாள்: “வயலுக்குப் போனார். சைக்கிள் மட்டும் கிடைத்தது. எனக்கு அப்போது ஐந்து வயது. அம்மா இன்னும் அவருக்கும் சேர்த்துச் சமைக்கிறார்.”

வெளியே வாவி, யாரோ இழுத்து மூடிய துணிபோல் அசையாமல் கிடந்தது. பேராசிரியை தலை குனிந்து எழுதினார். ‘மாணவரிடமிருந்து இயல்பான பேச்சை வரவழைக்கிறார்.’ என்னை நிரந்தரமாக்கினார்கள். அந்த ஒரு வரியின் சம்பளத்தைத்தான் இன்றுவரை தின்கிறேன்.

வீட்டில் இதன் முன்பாதி மட்டும் பகிடி. எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் அப்பா விடமாட்டார்: “எனக்கு நாப்பது. மறுகா இந்த விசரனும்.” பின்பாதியை நான் யாருக்கும் சொன்னதில்லை.

அன்று பின்னேரம் பஸ் தரிப்பிடத்தில் அவளைக் கண்டு மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்ல சேர்,” என்றாள். வெல்லாவெளி பஸ் வந்தது. மிதிபலகையில் ஏறியவள் என் பக்கம் திரும்பினாள்.

“உங்கட அப்பா நல்லவர் சேர். ரெண்டு கிழமையா எங்கட வீட்டதான் இருந்தவர். என்னத்துக்கு எழுப்பி அனுப்பினீங்க?”