கண்ணளவுக்காரர் மாட்டிய கண்ணாடி

கண்ணளவுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். வங்கிக்குள் நுழைந்ததும் டோக்கன் எடுப்பதற்கு முன்னால் சுவரிலுள்ள காலண்டரை நிமிர்த்துவார். பல் பிடுங்கப் போன இடத்தில், திறந்த வாயை மூடாமலே கையை நீட்டி, எதிர்ச்சுவரில் மாட்டிய படம் அரை விரல் இறங்கியிருப்பதை டாக்டருக்குச் சைகை காட்டுவார். ரசமட்டம், தூக்குக்குண்டு என்று யாராவது வாயெடுத்தால் போதும், தன் கண்ணைத் தொட்டுக் காட்டி, "இதுக்கு மேல என்ன வேணும்?" என்பார். இவரை எனக்கு எப்படி இவ்வளவு நெருக்கமாகத் தெரியும் என்கிறீர்களா? தினமும் சவரம் செய்யும்போது பார்க்கிறேன்.

அவர் மனைவி தையற்காரி. பத்து வருடம் வீட்டு மூலையில் தைத்துவிட்டு, போன மாதம்தான் சொந்தமாகக் கடை பிடித்தார். முன்பு சலவைக்கடையாக இருந்த அறை. ஆளுயரக் கண்ணாடி மாட்டத் தச்சரைக் கூப்பிடலாம் என்றதும் நம்மவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஒரு கண்ணாடி மாட்டத் தச்சரா? வெளியே சொன்னா சிரிப்பாங்க."

சும்மா சொல்லக்கூடாது, அக்கறையாகத்தான் செய்தார். தரையிலிருந்து இந்த மூலைக்கு ஒரு சாண், அந்த மூலைக்கும் ஒரு சாண், நூல் பிசகவில்லை. தரைக்கு இணையாக இருப்பது மட்டமாகத்தானே இருக்கும்? அதே கணக்கில் பக்கத்திலேயே மூன்று பலகைகளும் அடித்தார். பள்ளிக்கூடத்தில் வராத வடிவியல் நாற்பத்தெட்டு வயதில் வந்துவிட்டதாக ஒரே பூரிப்பு. சலவைக்கடைத் தரை, தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்துப் போட்டது என்பது மட்டும் அந்தக் கண்ணில் படவில்லை.

முதல் வாடிக்கையாளர் ஒரு தலைமையாசிரியை. மனைவி தைத்த புதுக் கவுனைப் போட்டுக்கொண்டு கண்ணாடிமுன் நின்றார்.

"கீழ் விளிம்பு ஒரு பக்கமா ஏறியிருக்கே?"

கண்ணாடியின் விளிம்போடு பார்த்தால் ஏறித்தான் இருந்தது. மனைவி பிரித்துத் தைத்தார். கண்ணாடியில் சரியானது, தலைமையாசிரியை வீட்டுக்குப் போனதும் கோணலாகிவிட்டது. "பத்து வருஷமாத் தைக்கிறீங்கன்னு சொன்னாங்க" என்று திரும்பி வந்து கவுனை மேஜையில் போட்டுவிட்டுப் போனார்.

"என் கைதான் போயிடுச்சோ?" என்றார் மனைவி. சொல்லிக்கொண்டே பலகையில் படுக்கவைத்த நூற்கண்டு மெல்ல உருண்டு ஓரத்துக்குப் போயிற்று. நம்மவருக்குப் புரிந்துவிட்டது. சொன்னாரா? நூற்கண்டுக்கு ஒரு டப்பாவை முட்டுக் கொடுத்தார். வெட்கக்கேடு.

மனைவியும் அந்த டப்பாவைப் பார்த்தார். கத்தரிக்கோலை நூலில் கட்டிக் கண்ணாடியின் மேல்மூலையில் தொங்கவிட்டார். மேலே விளிம்பை ஒட்டியிருந்த நூல் கீழே மூன்று விரல் விலகி நின்றது.

"எதுங்க நேரா நிக்குது? நீங்களே சொல்லுங்க."

நம்மவர் ஒரு கண்ணை மூடினார். மறு கண்ணை மூடினார்.

"கத்தரிக்கோல்ல ஒரு கைப்பிடி பெரிசு. அதான் இழுக்குது."

மனைவி சண்டை போடவில்லை. புதுத்துணி எடுத்து, இரண்டு நாள் உட்கார்ந்து வேறொரு கவுன் தைத்து, நம்மவர் கையில் கொடுத்தார். "நீங்கதான் கொண்டுபோய்க் குடுக்கணும். ஏன் கோணிச்சுன்னும் நீங்கதான் சொல்லணும்."

போனார். தலைமையாசிரியை வீட்டு வாசலில் நின்று, "கண்ணாடியை மாட்டினது நான்தாங்க. அவங்க கையில ஒரு குறையும் இல்ல" என்றார். சொல்லிவிட்டுக் கவுனை நீட்டினார்.

நீங்கள் இந்த இனமில்லை என்கிறீர்களா? சரி. இந்தப் பக்கத்தின் வரிகள் லேசாகச் சாய்ந்து அச்சாகியிருக்கின்றனவோ என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தீர்களே, அது எதற்காம்?