குத்தம்பாக்கம் வரதனின் மடக்கு சைக்கிள் ஆய்வு

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு அதைப் பற்றி ஆழமாக யோசித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் குத்தம்பாக்கம் வரதன், அம்பத்தூர் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டு ஆய்வாளர். போல்ட்டில் குறை கண்டுபிடிப்பது அவருக்குத் தொழில். மற்ற எல்லாவற்றிலும் கண்டுபிடிப்பது பொழுதுபோக்கு.

1991-இல் அவர் மனைவி பார்வதத்துக்கு அம்பத்தூரில் மாத்திரை பாக்கெட் போடும் வேலை கிடைத்தது. ஒன்றாம் தேதிக்குள் சேர்ந்தாக வேண்டும். வரதன் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவார். பார்வதம் நசரத்பேட்டை வரை போய்த்தான் பஸ் பிடிக்க வேண்டும். ஒரு சைக்கிள் போதும் என்றாள். ஸ்டாப்பில் விட்டால் திருட்டுப் போகும், மடக்கு சைக்கிள் என்றால் மடித்து பஸ்ஸிலேயே கொண்டுபோகலாம் என்றார் வரதன். இப்படிப்பட்ட புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அவள் உருகிப் போனாள்.

பூந்தமல்லியில் சைக்கிள் கடை வைத்திருந்த அன்வர் பாஷாவிடம் சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று இருந்தன. பழகிய மனிதர், பிடித்த ஒன்றை வைத்துக்கொள்ளட்டும் என்று இரண்டையும் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். வந்ததும் வரதன் இரண்டின் கழுத்திலும் 'ஆய்வில் உள்ளது, தொடாதீர்' என்ற தொழிற்சாலை அட்டையைத் தொங்கவிட்டார்.

அதன்பின் நடந்தவை பொன்னெழுத்தில் பொறிக்கத் தக்கவை. கண்ணைக் கட்டிக்கொண்டு மடித்தார். மழையில் நனையவிட்டு மடித்தார். பஸ் சீட்டுக்கு அடியில் பச்சையைச் செருகிப் பார்த்ததில் பக்கத்துப் பயணியின் வேட்டி மாட்டிக்கொண்டது. அது 'கவனத்தில் கொள்ளப்பட்டது'. விசாரிக்க வந்த அன்வர் பாஷாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"நைனா, ஒரு தபா ஏறி ஓட்டிப் பாத்தா தெரிஞ்சிடப் போவுது."

"ஓட்றது கடைசிக் கட்டம் பாய். இன்னும் மடிப்பே முடியல."

மாதக் கடைசி நெருங்கியது. வரதன் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் பார்வதம் அட்டைகளைக் கழற்றிவிட்டு, இரண்டிலும் மாறி மாறி ஏறி செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வரை போய் வந்தாள். இரண்டுமே நன்றாகத்தான் ஓடின. மாலையில் சந்தோஷமாகச் சொன்னாள். வரதன் முகம் வெளிறியது. சோதனைப் பொருள்கள் 'மாசுபட்டுவிட்டதால்' ஆய்வு முதலிலிருந்து தொடங்கும் என்று அறிவித்தார்.

இரண்டாம் தேதி மாலை தீர்ப்பு வெளியானது. நூலிழையில் பச்சை வென்றது.

"கம்பனில நேத்தே வேற ஆளை எடுத்துட்டாங்கோ" என்றாள் பார்வதம்.

விதி என்றார் வரதன். அவள் அழவில்லை. கோபத்தை நிதானமாகவே வெளியே விட்டாள்.

"போன மாசம் கலர் டிவி வாங்கினியே, எதையாச்சும் சோதிச்சியா? கடைக்குப் போனே, தூக்கினு வந்தே. நான் வேலைக்குப் போறது உனக்குப் புடிக்கல. அத்த வாய்விட்டுச் சொல்ல முடியாம ரெண்டு சைக்கிளை ஊட்ல கொண்டாந்து நிறுத்திக்கினே."

எந்த முடிவுக்கும் மறுசோதனை கேட்கும் வரதன், இந்த முடிவுக்கு மட்டும் கேட்கவில்லை.